கேப்டன் ராஜினாமா செய்த ராத்திரி

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற ரோட்டில் பாரிவாக்கம் என்று ஓர் ஊர். ஏரியும் வயலுமாக இருந்த இடம். சென்னை மேற்கே நீண்டுகொண்டே வந்ததில் இங்கேயும் வீட்டு மனை வந்தது, அபார்ட்மென்ட் வந்தது, பின்னாலேயே டீக்கடைகளும் வந்தன. இந்தியா டெஸ்ட் மேட்ச் தோற்ற மறுநாள் காலை, அங்கே ஏதாவது ஒரு கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு நின்று பாருங்கள். செலக்‌ஷன் கமிட்டி முழு கோரத்தோடு கூடியிருக்கும்!

2025 நவம்பர் 26 அன்று கவுகாத்தியில் தென்னாப்பிரிக்கா நம்மை 408 ரன் வித்தியாசத்தில் புரட்டிப் போட்டது. ரன் கணக்கில் பார்த்தால், அதுவரை இந்தியா கண்ட தோல்விகளிலேயே பெரியது அதுதான். விடுவார்களா நம் ஆட்கள்?

''கொல்கத்தாவுல வாஷிங்டன் சுந்தரை மூணாவதா இறக்கினான். அடுத்த மேட்ச்ல எட்டாவதா இறக்குறான். இது என்ன கிரிக்கெட்டா, மியூசிக்கல் சேரா?''

''2021-ல இங்கிலாந்துல நாலு டெஸ்ட்டும் அஸ்வினை உட்கார வெச்சு வேடிக்கை காட்டினாங்களே, அன்னிக்கே சொன்னேன்...''

''எல்லாம் பாலிடிக்ஸ் சார்!''

இந்தக் கடைசி வசனம் நீங்களும் பேசியதுதான். நானும் பேசியிருக்கிறேன். டிவியும் ஐ.பி.எல். பணமும் வந்த பிறகுதான் கிரிக்கெட்டில் அரசியல் புகுந்தது, அந்தக் காலத்தில் எல்லாம் யோக்கியமாக நடந்தது என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. அப்படியானால் நீங்கள் 1959 ஜனவரிக்கு வரவேண்டும். தூரமில்லை, பூந்தமல்லி ஹைரோடு வழியாகவே போய்விடலாம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியம். பிற்பாடு அதை இடித்துக் கட்டியதுதான் இன்றைய ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். சேப்பாக்கத்தை விட்டுவிட்டு, சென்னை டெஸ்ட் மேட்ச்கள் சில வருடம் அங்கேதான் நடந்தன.

அந்த சீஸனில் வந்திருந்தது வெஸ்ட் இண்டீஸ். கேப்டன் ஜெர்ரி அலெக்சாண்டர். சோபர்ஸ், கன்ஹாய், புட்சர் என்று பேட்ஸ்மேன்கள். அவர்களாவது பரவாயில்லை... வெஸ் ஹால், ராய் கில்கிறிஸ்ட் என்று இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் வந்திருந்தார்கள் பாருங்கள், அவர்கள்தான் எமன்கள். ஹெல்மெட் என்ற சங்கதியே கிடையாது. கில்கிறிஸ்ட் தலையைப் பார்த்து பீமர் போடுகிற ரகம். பொறுக்க முடியாமல் அவருடைய கேப்டனே அவரை டூர் முடிவதற்கு முன்னால் ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்பாய் டெஸ்ட்டுக்கு கேப்டன் பாலி உம்ரிகர். மேட்ச் டிரா. இரண்டாவது டெஸ்ட் கான்பூரில். கேப்டன் குலாம் அகமது. சுபாஷ் குப்தே ஒரே இன்னிங்ஸில் 9 விக்கெட் எடுத்தும் 203 ரன்னில் தோல்வி. மூன்றாவது கல்கத்தாவில். கன்ஹாய் மட்டுமே 256 ரன். நம்முடைய இரண்டு இன்னிங்ஸையும் கூட்டினால் 278! இன்னிங்ஸும் 336 ரன்னும் வித்தியாசம். குலாம் அகமது, 'ஆளை விடுங்கப்பா' என்று டெஸ்ட் கிரிக்கெட்டுக்கே கும்பிடு போட்டுவிட்டார்.

சென்னைக்கு மறுபடி உம்ரிகர் கேப்டன். பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி 21-ல் ஆட்டம் ஆரம்பம். அதற்கு முந்தின நாள்தான் விவகாரம் வெடித்தது. விஜய் மஞ்ச்ரேக்கருக்கு உடம்பு சரியில்லை, ஆட முடியாது. அவர் பேட்ஸ்மேன், எனவே இன்னொரு பேட்ஸ்மேன், மனோகர் ஹர்திகர் வேண்டும் என்றார் உம்ரிகர். ஆஃப் ஸ்பின்னர் ஜாசு படேலைத்தான் சேர்க்க வேண்டும் என்றது மேலிடம். மேலிடம் என்றால், கிரிக்கெட் போர்டு தலைவர் ஆர்.கே. படேல். வாக்குவாதம் முற்றியது. கேப்டன் கேட்கிற ஆளைக் கொடுக்க மாட்டார்கள். தோற்றால் மட்டும் கேப்டன் தலை உருள வேண்டுமா? உம்ரிகர் ராத்திரியோடு ராத்திரியாகக் கேப்டன் பதவியை ராஜினாமா செய்தார்.

யோசித்துப் பாருங்கள். விடிந்தால் டெஸ்ட் மேட்ச். கேப்டன் இல்லை!

41 வயது வினு மன்கட்டைப் பிடித்துத் தலைவராக்கினார்கள். இதில் ஒரு சோகம் உண்டு. மூன்றே வருடத்துக்கு முன்னால், 1956 ஜனவரியில், இதே கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்து உலக சாதனை செய்திருந்தார்கள். மன்கட் மட்டும் 231. அந்த மைதானத்துக்கு அவர் இப்போது வந்தது அடுத்தவர் வீசியெறிந்த பதவியைச் சுமக்க. உம்ரிகர் சாதாரண ஆட்டக்காரராக இறங்கினார்.

சரி, அந்த பதினோராவது ஆள் யார்? ஹர்திகரா, படேலா? இரண்டு பேருமே இல்லை! ஆடியது அபூர்வ சென்குப்தா என்ற ராணுவ அதிகாரி. எடுத்த ரன் 1, இரண்டாவது இன்னிங்ஸில் 8. அவர் வாழ்க்கையில் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். பிற்காலத்தில் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்தார் என்பதால் அவரைப் பற்றி நாம் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆனால் ஊரே சண்டை போட்டுக்கொண்டிருக்கிற ஒரு டிரெஸ்ஸிங் ரூமுக்குள் முதல் முறையாக பேட்டைத் தூக்கிக்கொண்டு போகிற மனுஷன், வெளியே ஹாலையும் கில்கிறிஸ்டையும் எப்படிச் சமாளிப்பான்?

வெஸ்ட் இண்டீஸ் 500 அடித்தது. புட்சர் 142, கன்ஹாய் 99-ல் ரன் அவுட். உள்ளூர்ப் பிள்ளை கிருபால் சிங் அரை சதம் அடித்து மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றினார். இந்தியா 222, அப்புறம் 151. 295 ரன்னில் தோல்வி.

அதோடு விட்டார்களா? டெல்லி டெஸ்ட்டுக்கு ஹேமு அதிகாரி கேப்டன். அவரும் ராணுவக்காரர், வயது 39. போர்டே ஆச்சரியப்படுகிற மாதிரி 63, 40 என்று ரன் எடுத்து, மூன்று விக்கெட்டும் சாய்த்து, மேட்சை டிராவும் செய்துவிட்டார். பரிசு? அதுதான் அவருக்குக் கடைசி டெஸ்ட். அடுத்து 1959 கோடையில் இங்கிலாந்து டூருக்கு தத்தா கெய்க்வாட் கேப்டன். லார்ட்ஸில் அவர் ஆட முடியாமல் போக, பங்கஜ் ராய். ஐந்துக்கு ஐந்தும் தோல்வி. கணக்குப் போட்டால் பத்து டெஸ்ட், ஆறு கேப்டன்கள்.

கேப்டனை மாற்றினார்கள், ஆட்டக்காரர்களை மாற்றினார்கள். ஹாலும் கில்கிறிஸ்டும் வீசிய வேகத்துக்கு நம் பேட்ஸ்மேன்கள் பழக என்ன வழி செய்தார்கள் என்று தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. வலைப்பயிற்சியில் அந்த வேகத்தில் வீச இந்தியாவில் ஆள் கிடையாது. ஆடுகளங்களோ சுழலுக்கும் ரன் குவிப்புக்கும் தோதானவை. வியாதி அங்கே இருந்தது. ஆனால் அது நாலு வருஷ வேலை. கேப்டனைத் தூக்குவது ஒரு மீட்டிங் வேலை. எதைச் செய்வார்கள்? 2025-லும் பாருங்கள், இரண்டே டெஸ்ட்டில் சைமன் ஹார்மரின் ஆஃப் ஸ்பின் 17 விக்கெட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனது. சுழல் நம் சொத்து என்று நினைத்திருந்த நாட்டில்! டீக்கடையில் நாம் பேசியது, யார் எத்தனாவது ஆளாக இறங்கினார் என்பதை.

போர்டை மட்டும் சொல்லக் கூடாது. ரசிகர்களாகிய நம் லட்சணத்துக்கு 1974 ஒன்று போதும். 1971-ல் அஜித் வடேகர் தலைமையில் வெஸ்ட் இண்டீஸையும் இங்கிலாந்தையும் அவரவர் மண்ணிலேயே ஜெயித்தபோது, இந்தூரில் கான்கிரீட்டில் பிரமாண்டமான கிரிக்கெட் மட்டை ஒன்றை நட்டுவைத்துக் கொண்டாடினார்கள். மூன்று வருடம் கழித்து லார்ட்ஸில் இந்தியா 42 ரன்னுக்குச் சுருண்டது. தொடரும் 3-0 என்று போனது. அதே மட்டையைச் சேதப்படுத்தினார்கள். பம்பாயில் வடேகர் வீட்டின் மீது கல் வீசினார்கள். வடேகர் கிரிக்கெட்டை விட்டே விலகினார்.

அந்த வருடக் கடைசியில் சென்னைக்காரர்கள் மறக்காத ஒரு கூத்தும் நடந்தது. பட்டோடிக்குக் காயம், கவாஸ்கருக்கும் காயம். டெல்லி டெஸ்ட்டுக்கு நம்ம வெங்கட்ராகவன் கேப்டன். விவியன் ரிச்சர்ட்ஸ் 192 அடித்தார், இந்தியா தோற்றது. அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பட்டோடி திரும்பி வந்தார். சரி, வெங்கட்? பன்னிரண்டாவது ஆள்! போன மேட்சில் டாஸ் போட்ட கேப்டன், இந்த மேட்சில் கூல் டிரிங்க்ஸ் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய இடத்தில் இருந்தார். 'பாலிடிக்ஸ் சார்' என்று நம் ஊரில் ஒரு தலைமுறையே புலம்பியதற்கு நியாயம் இல்லாமல் இல்லை.

இதற்கிடையில் ஜாசு படேலை மறந்துவிட்டோம். சென்னையில் எந்த ஆளால் ஒரு கேப்டன் பதவியையே உதறினாரோ, அந்த ஆள். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தவர். அதனால் பந்து வீசும்போது கை ஒரு மாதிரி வெட்டிக்கொண்டு வரும். 1959 டிசம்பரில் ரிச்சி பெனோவின் ஆஸ்திரேலியா வந்தது. டெல்லியில் இந்தியா இன்னிங்ஸ் தோல்வி. இப்போது கேப்டன் ராம்சந்த். 13 மாதத்தில் ஏழாவது ஆள். அடுத்தது கான்பூர். அங்கே ஆடுகளத்தைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். தேர்வுக்குழுத் தலைவர் லாலா அமர்நாத் பிடிவாதமாக 35 வயது படேலை உள்ளே கொண்டுவந்தார். 'இந்த வயசுல இவரா?' என்று அன்றைய டீக்கடைகளில் சிரித்திருப்பார்கள்.

படேல் முதல் இன்னிங்ஸில் 69 ரன் கொடுத்து 9 விக்கெட் எடுத்தார். இந்தியப் பந்துவீச்சாளர் ஒருவரின் சிறந்த இன்னிங்ஸ் கணக்காக அது நாற்பது வருடம் நின்றது. 1999-ல் கும்ப்ளே வந்து பத்து எடுக்கும்வரை. 119 ரன்னில் ஜெயம். ஆஸ்திரேலியாவை இந்தியா டெஸ்ட்டில் தோற்கடித்தது அதுதான் முதல் தடவை. படேலுக்கு 1960-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்படியும் அவர் மொத்தம் ஆடியது 7 டெஸ்ட்தான்.

அப்படியானால் சென்னையில் படேலை வேண்டாமென்ற உம்ரிகர் தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது மண் போட்ட கான்பூர் வேறு. 500 ரன் வாரிக் கொடுத்த சென்னை வேறு. பேட்ஸ்மேன் போன இடத்துக்கு பேட்ஸ்மேன் கேட்டது நியாயமான கணக்கு. ஆனால் படேலைக் கேட்டவர்களையும் அந்த 9 விக்கெட்டுக்கு அப்புறம் முட்டாள்கள் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது.

கான்பூரின் கடைசி நாளில் ஆஸ்திரேலியா 105 ரன்னுக்குச் சுருண்டது. கார்டன் ரோர்க் உடம்பு முடியாமல் பேட் செய்ய வரவில்லை. மற்ற ஒன்பது விக்கெட்டையும் இரண்டே ஆஃப் ஸ்பின்னர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஒரு முனையிலிருந்து வீசிய ஜாசு படேலுக்கு ஐந்து. எதிர் முனையில் 27 ரன் மட்டும் கொடுத்து நாலு விக்கெட் எடுத்தவர், பாலி உம்ரிகர்.