மேல்கீழ் இல்லாத தொலைவு

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஐந்து ஊர்களையும் இரண்டிரண்டாக இணைத்தால் பத்துத் தொலைவுகள் கிடைக்கும். பேருந்திலேயே பாதி வாழ்நாளைக் கழித்த நமக்கு இக்கணக்கு புதிதன்று. ஊர்களுக்குப் பதிலாகச் சாதிகளை வைத்து அவற்றினிடையே தொலைவு காண இயலுமா? கண்டார்கள். இன்று உலகெங்கும் புள்ளியியலார் கையாளும் ஒரு சூத்திரம் அம்முயற்சியில்தான் பிறந்தது.

1890களில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து, அதைச் சாதிகளின் ஏணிப்படியோடு பொருத்திக் காட்டினார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் தென்னகத்தில் தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். 1909இல் அவரது ஏழு தொகுதிகள் வெளிவந்தன. உடலை அளப்பது அன்று வெறும் ஆய்வாக நிற்கவில்லை. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் நம் பள்ளத்தாக்கிலும் வாழும் பிரமலைக் கள்ளரின் கைரேகையைக் கேட்டது. மலைக்கு அப்பால் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மக்கள் அதனை இன்றும் ரேகைச் சட்டம் என்றே சொல்கிறார்கள்.

கல்கத்தாவில் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1933இல் ரிஸ்லியின் எண்களையே எடுத்துத் திருத்தினார்; 1936இல் பொதுமைப்படுத்திய தொலைவை வரையறுத்தார். அதன் நுட்பம் எளியது. உயரமானவருக்குக் கையும் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும். இரண்டையும் தனித்தனியே கூட்டினால் ஒரே வேறுபாட்டை இருமுறை எண்ணியவராவோம். அளவைகளுக்கிடையே உள்ள அவ்வுறவுக்கு ஈடுசெய்த பிறகே அவரது சூத்திரம் தொலைவைத் தரும்.

நம்மைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் வேறொன்று. ரிஸ்லியின் மூக்களவில் மேல் உண்டு, கீழ் உண்டு. தொலைவில் அது கிடையாது: கம்பத்திலிருந்து தேனி எவ்வளவோ, தேனியிலிருந்து கம்பமும் அவ்வளவே. ஏணியைப் படுக்கவைத்து வரைபடமாக்கிவிட்டது அச்சூத்திரம்!

ஆனால் புள்ளிகளைத் தெரிவு செய்தது யார்? 1941இல் ஐக்கிய மாகாணத்தில் எடுத்த அளவைகளை மஜும்தார், சி. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து மகலனோபிஸ் ஆராய்ந்து 1949இல் வெளியிட்டார். அதிலும் ஒவ்வொரு மனிதரும் சாதிப் பெயரின்கீழ்தான் நிற்கிறார்.

‘ஆர்’ மென்பொருளில் மகலனோபிஸ் பெயரிலேயே ஒரு கட்டளை உண்டு. நம் மாணவி ஒருத்தி மண் மாதிரிகளுக்காக அதை இயக்கினாள். விடையாக வருவது தொலைவின் வர்க்கம் என்பதை மறந்து, வாய்க்காலோரத்து வயல்கள் இரண்டையும் வெகுதூரம் பிரித்துவிட்டாள். வர்க்கமூலம் எடுக்கச் சொன்னோம். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டாள்.