இன்னொண்டோ, காணுமோ? பிளாக்ஜாக் மேசையில் தெரிவு யாருடையது

பிளாக்ஜாக்கைச் சொல்லிக் குடுக்க இரண்டு நிமிடம் காணும். கையில் இருக்கும் சீட்டுகளின் பெறுமதியைக் கூட்டினால் 21க்குக் கிட்ட வரவேணும், 21ஐத் தாண்டக் கூடாது. ஜே, கியூ, கே மூன்றும் பத்துத்தான். ஏஸ் ஒன்றாகவும் இருக்கலாம், பதினொன்றாகவும் இருக்கலாம். வைத்திருப்பவருக்கு எது வசதியோ அது. (304 விளையாடிப் பழகின ஆக்களுக்கு ஜே வெறும் பத்து எண்டது கொஞ்சம் மனவருத்தமாகத்தான் இருக்கும். எங்கட ஆட்டத்தில் அது முப்பது, ராஜாவுக்கும் மேல.) முதலில் ஆளுக்கு இரண்டு சீட்டு. அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி: இன்னொண்டு வேணுமா, காணுமா?

எங்களுக்குள் கசினோவுக்குள் கால் வைத்தவர் ஒருத்தரும் இல்லை, போகச் சொல்லி இதை எழுதவும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது, யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, ஏன் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று தேடிப் பார்க்கத் தொடங்கினால் அதற்குள் நல்லதொரு வரலாறு கிடக்கிறது.

கொஞ்சம் பின்னுக்குப் போவம். ஸ்பெயினின் செர்வாந்தெஸ் 1613இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இரண்டு களவாணிப் பெடியள் வருகிறார்கள். அதில் ஒருத்தன் பழைய சீட்டுக்கட்டோடு ஊர் ஊராகத் திரிந்து 'இருபத்தொன்று' விளையாடிப் பிழைக்கிறவன். ஏஸ் எங்கே கிடக்கிறது என்பது அவனுக்கு எப்பவும் தெரியும். அதுக்குச் சரியாக இருநூறு வருடம் கழித்து, 1813இல் வந்த ஜேன் ஒஸ்டினின் 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' நாவலில், பிங்லியும் ஜேனும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்துகொண்டது இவ்வளவுதான் என்று எலிசபெத் கிண்டலடிக்கிறாள்: இரண்டு பேருக்கும் மற்ற ஆட்டத்தை விட 'வான்-டன்' பிடிக்கும். வான்-டன் என்றால் இதே இருபத்தொன்றின் பிரெஞ்சுப் பேர். ஆங்கில இலக்கியம் படிக்கிற ஆக்கள் அந்த இடத்தைக் கவனிக்காமலே தாண்டியிருப்பினம்.

அந்தக் காலத்து வீட்டு ஆட்டத்தில் சீட்டுப் போடுகிறவரும் ஒரு விளையாட்டுக்காரர்தான். எடுக்க விரும்பினால் எடுப்பார், விரும்பாட்டி விடுவார். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். அதாவது தெரிவு இரண்டு பக்கத்திலும் இருந்தது.

கசினோவுக்குள் நுழைந்ததும் இது மாறுகிறது. 1931இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. கசினோவில் சீட்டுப் போடுகிற டீலர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். மேசையில் இருக்கும் காசு அவருடையதில்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் முடிவெடுக்கும் சுதந்திரத்தைக் கொடுத்தால் தனக்கு வேண்டியவரை வெல்ல வைக்கலாம், பயந்தோ அவசரப்பட்டோ பிழை விடலாம். அதனால் அமெரிக்கக் கசினோக்களில் டீலருடைய கையைக் கட்டிவிட்டார்கள்: 16 வரைக்கும் கட்டாயம் எடுக்க வேண்டும், 17 வந்தால் கட்டாயம் நிற்க வேண்டும். அதோடு அவருடைய இரண்டு சீட்டில் ஒன்று எல்லாருக்கும் தெரியும்படி திறந்திருக்கும்.

இந்த விதி எவ்வளவு விறைப்பானது என்று பாருங்கோ. மேசையில் ஒரேயொரு ஆள்தான் விளையாடுகிறார். அவருடைய கையில் 18 இருப்பது திறந்தபடி தெரிகிறது. டீலரிடம் பத்தும் ஏழும், மொத்தம் 17. நின்றால் தோல்வி நிச்சயம். சின்னப் பிள்ளைகூட 'இன்னொண்டு எடுத்துப் பாரன்' என்று சொல்லும். டீலர் எடுக்கமாட்டார், எடுக்க முடியாது. காசைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைப் போடுவார்.

விளையாடுகிறவருக்கு இந்தத் தளை இல்லை. நாலில் இருந்தாலும் நிற்கலாம், இருபதில் இருந்தாலும் இன்னொன்று கேட்கலாம். அப்படியென்றால் கசினோ எப்படி உழைக்கிறது? விடை வரிசையில் இருக்கிறது. விளையாடுகிறவர் முதலில் முடிக்க வேண்டும். அவர் 21ஐத் தாண்டினால் அந்த நிமிடமே காசு போய்விடும். அதுக்குப் பிறகு டீலரும் தாண்டினால்? திருப்பித் தரமாட்டார்கள். டீலருடைய விதிப்படி விளையாடினால் நூறுக்கு ஏறத்தாழ 28 தடவை 21ஐத் தாண்டும். விளையாடுகிறவரும் டீலரைப் போலவே 16இல் எடுத்து 17இல் நின்றால் இரண்டு பேரும் ஒன்றாகத் தாண்டுவது நூறுக்கு எட்டுத் தடவை போல. அந்த எட்டும் கசினோவுக்கு. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் வந்தால் ஒன்றரை மடங்கு தருகிறார்களே, அதைக் கழித்துப் பார்த்தாலும் ஐந்தரை வீதம் அளவில் மிஞ்சும். 'டீலர் என்ன செய்யிறாரோ அதைத்தான் நானும் செய்யிறன்' என்று நினைக்கிற ஆள் நல்லாகத் தேய்ந்து போவார்.

இனி வருவதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. 1950களில் மேரிலான்ட் மாநிலத்தில் இருக்கும் அபர்டீன் என்ற அமெரிக்க இராணுவத் தளத்தில் ரொஜர் பால்ட்வின் என்று ஒரு கணிதப் பட்டதாரி சேவை செய்துகொண்டிருந்தார். முகாமில் சீட்டு விளையாடும்போது, லாஸ் வெகாஸ் டீலருக்கு 16, 17 என்று கட்டாய விதி இருக்கிற கதை வந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு தகவல். பால்ட்வினுக்கு அது ஒரு கணக்கு. எதிராளி என்ன செய்வார் என்பது முன்கூட்டியே தெரியுமென்றால் என்னுடைய ஒவ்வொரு கைக்கும் சரியான விடை ஒன்று இருக்கத்தானே வேணும்? அவரோடு வில்பேர்ட் கான்டி, ஹேர்பேர்ட் மைசெல், ஜேம்ஸ் மக்டேர்மொட் மூவரும் சேர்ந்தார்கள். கொம்பியூட்டர் இல்லை; மேசைக் கணிப்பான்கள்தான். ஓய்வு நேரமெல்லாம் தட்டித் தட்டி, 1956இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்டார்கள். அடுத்த வருடம் ஒரு சின்னப் புத்தகமும் வந்தது.

டீலரின் கையைக் கட்டியது கசினோவின் பாதுகாப்புக்காக. அதே கட்டுத்தான் கணக்குப் போடுவதற்கும் வழி திறந்தது. டீலர் சுதந்திரமாக இருந்திருந்தால் இந்த நாலு பேராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அவர்கள் கண்டுபிடித்ததில் பல விஷயங்கள் மனம் சொல்வதற்கு நேர்மாறு. உங்களிடம் 16. இன்னொன்று எடுத்தால் 6இலிருந்து கே வரைக்கும் எது வந்தாலும் போச்சு, அதாவது 13இல் 8 வழி தோல்வி, 60 வீதத்துக்கும் மேல். எடுக்க யாருக்கும் பயம்தான். ஆனால் டீலரின் திறந்த சீட்டு 7 அல்லது அதற்கு மேல் என்றால் எடுத்தே ஆகவேணும். ஏனென்றால் நின்றால் அதைவிடக் கூடத் தோற்பீர்கள். மறுபக்கம், உங்களிடம் வெறும் 13, டீலரிடம் 6 தெரிகிறது. கை அரிக்கும், ஆனாலும் தொடக் கூடாது. 6ஐ வைத்திருக்கும் டீலர் நூறுக்கு 42 தடவையளவில் 21ஐத் தாண்டி விழுவார். எடுக்காமல் நிற்கும் உரிமை அவருக்கு இல்லாததே காரணம். இப்படி ஒவ்வொரு கைக்கும் விடையைப் பின்பற்றினால் கசினோவின் பங்கு ஒரு வீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த நாலு பேரில் கான்டி ஒரு கறுப்பினத்தவர். கட்டுரை வெளிவந்த 1956இல் லாஸ் வெகாஸின் பெரிய கசினோக்கள் கறுப்பினத்தவர்களை விருந்தினராக உள்ளே விடவில்லை. மேடையில் பாடிய புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர்களுக்குக் கூட அதே ஹோட்டலில் அறை கிடைக்காத காலம். ஊர்வலம் போவோம் என்று உரிமை இயக்கத்தினர் எச்சரித்த பிறகு, 1960 மார்ச்சில் மூலான் ரூஜ் ஹோட்டலில் நடந்த பேச்சுவார்த்தையில்தான் அந்தத் தடையை நீக்க உடன்பட்டார்கள். அந்த மேசையில் எப்போது எடுக்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவருக்கு, அந்த மேசையில் இருக்கும் உரிமையே இருக்கவில்லை. சீட்டுக் கணக்கு பற்றிய கதைகளில் இது ஒரு வரியாகக்கூட வராமல் போவது எங்களுக்கு உறுத்துகிறது.

அவர்களின் கட்டுரையை வாசித்த எட்வேர்ட் தோர்ப் என்ற கணிதவியலாளர் இன்னொரு படி போனார். எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் அவர் போட்ட கேள்வி இது: வெளியே வந்துவிட்ட சீட்டு திரும்பக் கட்டுக்குள் போவதில்லையே, அப்படியென்றால் மிச்சச் சீட்டுகளைப் பொறுத்து விடை மாற வேண்டாமா? மாறியது. ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டீலர் 12இலிருந்து 16 வரை எதில் மாட்டிக் கட்டாயமாக எடுத்தாலும், ஐந்து வந்தால் தப்பிவிடுவார்: 12 என்றால் 17, 16 என்றால் சுத்தமாக 21. ஐந்துகள் நாலும் போய்விட்ட கட்டில் டீலரின் அந்தக் கட்டாயம் அவருக்கே கண்ணி. அந்த நேரம் பார்த்துக் கூடக் காசு வைத்தால் கசினோவை வெல்லலாம். தோர்ப்பின் 'பீட் த டீலர்' புத்தகம் 1962இல் வந்து பெருவாரியாக விற்பனையானது.

கசினோக்களுக்கு உதறல் எடுத்தது. 1964 ஏப்ரல் 1ஆம் திகதி லாஸ் வெகாஸ் ஹோட்டல்களின் சங்கம் புதிய விதிகளை அறிவித்தது. (திகதியைப் பார்த்து யாரும் பகிடியென்று நினைத்திருந்தால் பிழை சொல்ல ஏலாது.) அதுவரை, பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரேயொரு சீட்டு மட்டும் வாங்கும் வசதி பல கைகளுக்கு இருந்தது, இனி 11 இருந்தால் மட்டும்தான். இரண்டு ஏஸ் வந்தால் பிரித்து இரண்டு கையாக விளையாடலாம் என்பதும் நிறுத்தப்பட்டது. டீலரிடமிருந்து தெரிவை எடுத்தவர்கள் இப்போது விளையாடுகிறவரிடமும் கைவைத்தார்கள்.

சில வாரங்கள்கூட ஓடவில்லை. மேசைகள் வெறிச்சோடின. தோர்ப்பைப் படித்துக் கணக்குப் பார்க்கிற ஆக்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கைவிரலில் எண்ணலாம். மேசையை விட்டு எழும்பிப் போனது கணக்குத் தெரியாத சாதாரண சனம். இரட்டிப்பாக்குவதையும் பிரிப்பதையும் அவர்கள் பெரும்பாலும் பிழையாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள், கசினோவுக்கு அதில்தான் வருமானமும். ஆனாலும் செய்ய விடாவிட்டால் விளையாட வரமாட்டார்கள். பழைய விதிகள் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகு கசினோக்கள் விளையாடுகிறவரின் தெரிவை அப்படி வெளிப்படையாகத் தொடவில்லை. வேறு பக்கத்தால் வந்தார்கள். ஒரு கட்டுக்குப் பதில் ஆறு, எட்டுக் கட்டுகளைக் கலந்தார்கள். எண்ணுகிற ஆக்களை வெளியே அனுப்பினார்கள். கென் அஸ்டன் என்பவர் அதை எதிர்த்து வழக்காடி, 1982இல் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம் சீட்டை எண்ணுவதற்காக ஒருவரைத் தடுக்க கசினோவுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. நெவாடாவில் இப்பவும் தடுக்கலாம்.

மற்றது டீலரின் விதியில் செய்த ஒரு சின்னத் திருத்தம். ஏஸும் ஆறும் 17. ஆனால் ஏஸை ஒன்றாக மாற்றலாம் என்பதால் இன்னொரு சீட்டு எடுத்தாலும் 21ஐத் தாண்டாது. இதை 'சொஃப்ட் 17' என்பார்கள். ஒருகாலத்தில் லாஸ் வெகாஸின் பெரிய மேசைகளில் டீலர் இதில் நிற்பார். இன்று நிறைய மேசைகளில் கட்டாயம் எடுக்க வேண்டும். இதனால் கசினோவுக்கு 0.2 வீதம் போலக் கூடக் கிடைக்கிறது. பச்சைத் துணியில் பெரிய எழுத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள், ஒருத்தரும் கோபித்து எழும்பிப் போகவில்லை. 2000களில் ஒன்றரை மடங்குப் பரிசையும் 5க்கு 6 என்று குறைத்தார்கள். 10 டொலருக்கு 15 கிடைத்த இடத்தில் இப்போது 12. இந்த ஒரு மாற்றம் மட்டும் 1.4 வீதத்துக்குக் கிட்ட. சொஃப்ட் 17ஐ விடப் பல மடங்கு.

எடுப்பதும் நிற்பதும் இன்னமும் விளையாடுகிறவரின் விருப்பம்தான். ஆனால் அதை வாயால் சொன்னால் காணாது. மேலே இருக்கும் கமராவுக்கு மேசையில் கதைப்பது விளங்காது, பிறகு 'நான் கேட்கவே இல்லை' என்று சண்டை வந்தால் சாட்சி வேணும். அதனால் இன்னொன்று வேண்டுமென்றால் விரலால் மேசையைத் தட்ட வேண்டும், காணுமென்றால் உள்ளங்கையைச் சீட்டுக்கு மேலே குறுக்காக அசைக்க வேண்டும். எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும் டீலர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் கை அசையும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார்.