கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் மின்சிக்கனம்

ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் இயங்கும் இன்றைய நிலையங்கள் 1,000 லிட்டர் குடிநீருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. 1970களில் இது பல மடங்காக இருந்தது.

கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறத்தாழ 27 பார். நன்னீர் பிரியப் பிரிய எஞ்சிய நீரில் உப்பு செறிந்து எதிர்ப்பும் ஏறுவதால், நீரைச் சவ்வின் வழியே 55 முதல் 70 பார் வரை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும் 1960 வாக்கில் கலிபோர்னியாவில் உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் சவ்வும், பின்னர் வந்த பாலியமைடு சவ்வும் இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஆனால் மின்கட்டணத்தைப் பெரிதும் குறைத்த மாற்றம் நிகழ்ந்தது சவ்வைத் தாண்டி, கழிவுக் குழாயில்.

உள்ளே செல்லும் 100 லிட்டரில் நன்னீராவது 45 லிட்டர் அளவே. மீதி 55 லிட்டர் உவர்க்கழிவு, ஏறக்குறைய உள்ளே போன அதே அழுத்தத்துடன் வெளியேறுகிறது. அதை அப்படியே கடலில் விட்டால் செலவழித்த ஆற்றலில் பாதிக்கு மேல் வீண். முன்பு பெல்டன் சக்கரம் என்னும் நீர்ச்சுழலிகளைச் சுழற்றி அதை மீட்டார்கள். அழுத்தப் பரிமாற்றி அதைவிட எளிய ஏற்பாடு: நீள்துளைகள் கொண்ட பீங்கான் உருளை ஒன்று சுழல, ஒரு பக்கம் நுழையும் கழிவு தன் அழுத்தத்தைப் புதுக் கடல்நீருக்கு நேரடியாக மாற்றிவிடுகிறது. நடுவே பிஸ்டன் கிடையாது. சிறிதளவு உப்பு கலக்கும். ஆனால் அழுத்த ஆற்றலில் 95 விழுக்காட்டுக்கு மேல் மீள்கிறது. உயர் அழுத்தப் பம்பு ஏறக்குறைய நன்னீராகும் பங்கை மட்டும் தள்ளினால் போதும். 2006இல் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் பெர்த் நிலையம் இவ்வகைக் கருவிகளையே பயன்படுத்துகிறது. அதன் மின்தேவைக்கு ஈடாக எமு டவுன்ஸ் காற்றாலைப் பண்ணையின் மின்சாரம் வாங்கப்படுகிறது.

பாதி நீரைப் பிரிக்க இயற்பியல் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றலே 1,000 லிட்டருக்குச் சுமார் 1 யூனிட். சவ்வுக் கட்டம் ஏற்கெனவே இந்த எல்லையை ஓரளவு நெருங்கிவிட்டதால், சவ்வை மேலும் நுட்பமாக்கிக் கிடைக்கும் லாபம் சொற்பம் எனலாம். மிச்சம்பிடிக்க இடமிருப்பது கடல்நீரை இறைப்பதிலும் முன்சுத்திகரிப்பிலும் போரானை நீக்கும் இரண்டாம் கட்டத்திலும்தான். பாசியும் சேறும் சவ்வில் படிந்தால் அழுத்தத்தைக் கூட்ட நேரும். மழைக்காலத்தில் கடல் கலங்கும், சென்னையை அடுத்த மீஞ்சூர், நெம்மேலி போன்ற இடங்களில் முன்சுத்திகரிப்பின் தரமும் மின்கணக்கில் சேர்கிறது. கடல் வெதுவெதுப்பாக இருந்தால் நீர் சவ்வை எளிதில் கடக்கும். உப்பும் போரானும் கூடவே கசியும்.