எவன்ஸ் சொன்ன ‘ஆம்’

செய்யாத கொலையைச் செய்தேன் என்று எவனாவது சொல்லுவானா? படித்தவர்களும் இவ்வாறு வினவக் கேட்டிருக்கிறோம். அடித்தாற் சொல்லுவான் என்பதை அவர்கள் ஏற்பர். அடியின்றியும் சொல்லுவான் என்பதையே ஏற்க மறுப்பர். இலண்டனில், றிலிங்டன் பிளேஸ் 10ஆம் இலக்க வீட்டின் மேல்மாடியில் வாழ்ந்த திமதி எவன்ஸ் என்னும் தொழிலாளியின் கதையை இவர்கள் அறிதல் வேண்டும்.

எவன்ஸ் வேல்ஸ் நாட்டான், வான் சாரதி, வயது 25, எழுத வாசிக்கச் சரிவர அறியாதவன். 1949 நவம்பர் 30இல் அவன் தானாகவே பொலிஸ் நிலையம் சென்று, இறந்துபோன மனைவியின் உடலைச் சாக்கடையுள் இட்டதாகக் கூறினான். சாக்கடை மூடியைத் தூக்க மூன்று பொலிஸார் வேண்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை! தன்னைத் தானே சிக்கவைக்கும் பொய்யையும் மனிதன் சொல்லக்கூடும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருக்கலாம்.

டிசம்பர் 2இல் மனைவியின் உடலும் ஒரு வயது கடந்த பெண்குழந்தையின் உடலும் அவ்வீட்டின் சலவை அறையில் அகப்பட்டன. அன்றிரவே எவன்ஸ் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டான். இருவரின் ஆடைகளையும், குழந்தையின் கழுத்தை நெரித்த ‘டை’யையும் அவன்முன் வைத்து, கொன்றவன் நீயே என நம்புகிறோம் என்றனர். அவன் ‘ஆம்’ என்றான்.

ஏன்? குழந்தை இறந்ததை அப்போதே அறிந்ததாகவும், இனி வாழ்ந்தென்ன என்று தோன்றியதாகவும், கீழே கொண்டுசென்று அடிப்பார்களோ என அஞ்சியதாகவும் அவன் நீதிமன்றத்திற் கூறினான். இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்த மனத்தை எண்ணிப் பார்ப்போம். முன்னர்ச் சொன்ன பொய்கள் அம்பலமாகிவிட்டன. இனி எதைச் சொன்னாலும் நம்புவாரில்லை. துயரம் குற்றவுணர்வாக உருமாறுகிறது. எதிரே இருப்பவர் வேண்டும் விடையைக் கொடுத்தால் வினாக்களாவது ஓயும். நாளைய தூக்குக் கயிறு தொலைவில் நிற்கிறது; இன்றைய வினாவோ முகத்தெதிரே நிற்கிறது.

ஜூரிமாருக்கு 40 நிமிடங்களே போதுமாயின. குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காக 1950 மார்ச் 9இல் எவன்ஸ் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கெதிரான முதன்மைச் சாட்சி கீழ்வீட்டுக் கிறிஸ்ரி. போர்க்காலத்திற் பொலிஸ் சேவகம் செய்தவன், பேச்சிலே பண்புள்ளவன். 1953இல் அதே வீட்டிலும் தோட்டத்திலும் ஆறு பெண்களின் உடல்களும் எலும்புகளும் வெளிப்பட்டன. எவன்ஸின் மனைவியையும் தானே கொன்றதாகக் கிறிஸ்ரி ஒப்புக்கொண்டான். ஆயினும் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்க 1966 வரை சென்றது. செத்தவனுக்கு மன்னிப்பு!

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பொலிஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக்கலாகாது என்று இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விதித்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைப் பின்பற்றியது அது. ஆங்கிலேயர் குடியேற்ற நாட்டுப் பொலிஸை நம்பவில்லை. தம் நாட்டுப் பொலிஸை நம்பினர். அந்த இழிநோக்கின் பயனாக, எவன்ஸுக்குக் கிட்டாத காப்பு நமக்குக் கிட்டியது என்பது விந்தையே. அக்காப்பைக் குலைத்தவர் அந்நியருமல்லர். 1979இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அவருக்கு மேற்பட்டவருக்கோ அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. அது அச்சத்தால் அளிக்கப்பட்டதென்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் கைதியின் தலைமீதே சுமத்தியது.