எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் இடையே: ஹெரால்டு கார்களின் பராமரிப்பு வரலாறு

வண்டலூரில் ஆலை கொண்டிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோட்டி இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனத்துக்காக உருவாக்கிய காரின் இந்திய வடிவமாகும். 1953இல் சுங்கவரி ஆணையம் அளித்த பரிந்துரைக்குப் பின், உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களுக்கே அரசு இடமளித்ததால், புதிய காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கையிலுள்ள வண்டியைக் கெடாமல் காப்பது தனித் தொழிலறிவாக வளர்ந்தது.

அவ்வறிவின் தொடக்கப் பாடம் கேபிள். காரில் இழுவிசையைக் கடத்த கேபிள் செய்யும் வேலையைத் தறியில் கயிறு செய்கிறது: ஆரணி, காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் நெசவாளர் மிதியை அழுத்தினால், கயிறு விழுதுகளை இழுத்துப் பாவு இழைகளைப் பிரிக்கிறது. ஆனால் கயிறு திரும்ப வேண்டிய இடத்தில் அதற்கு உருளையோ நெம்புகோலோ தேவை. எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் 1896இல் காப்புரிமை பெற்ற கேபிளில், நெருக்கமாகச் சுற்றிய எஃகுக் கம்பிச்சுருள் உறையாக நின்று அழுத்தத்தைத் தாங்க, அதனுள் முறுக்குக்கம்பி வழுக்கிச் செல்வதால், வளைவுகளைக் கடந்தும் இழுவிசை சென்றடைகிறது. உறைக்குள் தூசியும் துருவும் சேர்ந்தால் உராய்வு மிகுந்து, இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, முனையிலுள்ள நிப்பிள் என்னும் உலோகக் குமிழருகே கம்பி பிரிகிறது.

குளிர்ந்த எஞ்சினுக்குச் செல்லும் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கு கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டு, மேல்முனையில் காகிதக் கூம்பு கட்டி, மெல்லிய எண்ணெய் அடிவரை இறங்கும்படி விடுவது எளிய முறை. ஸ்பீடோமீட்டர் கேபிளோ வழுக்குவதில்லை, சுழல்கிறது. எனவே அதன் கீழ்ப்பகுதிக்கு மட்டும் சிறிது கிரீஸ் தடவி, மீட்டரை ஒட்டிய முனையை உலர்வாக விடுவர். இல்லாவிடில் கிரீஸ் மேலேறி மீட்டரைக் கெடுக்கும்.

ஹெரால்டு கற்பித்த பெரிய பாடம் முன்சக்கரத்தில் உள்ளது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் மரையிட்ட அடிமுனை, டிரன்னியன் என்னும் தாங்கிக்குள் திரும்புகிறது. அதற்குத் தயாரிப்பாளர் குறித்தது கியர் எண்ணெய். பிற இடங்களுக்கு ஏற்ற கிரீஸையே அங்கும் ஏற்றினால், அது மரையின் இடுக்குகளை முழுதும் சென்றடையாமல், நீர் புகுந்து துருப்பிடித்து, நாளடைவில் தண்டே முறியும். கிரீஸ் கன்னில் கியர் எண்ணெயை நிரப்பி ஏற்றும் சிறு கவனமே சக்கரத்தைக் காத்தது.

இன்று பழைய கார்களுக்குப் பொருத்தப்படும் மாற்றுக் கேபிள்கள் பலவற்றில் நைலான் அல்லது டெஃப்லான் உள்ளுறை இருப்பதால், அவற்றுக்கு எண்ணெயே தேவையில்லை. விட்டால் தூசி ஒட்டிக் கேபிள் இறுகவும் கூடும். ஆகவே இத்தொழிலில் உயர்ந்த அறிவென்பது எண்ணெய் விடுவதில் மட்டுமன்று, எங்கே விடக் கூடாது என்று உணர்வதிலும் அடங்கியுள்ளது. அவ்வுணர்வைக் கைமாற்றித் தந்த பட்டறைகளே இக்கார்களின் ஆயுளை நீட்டித்தன.