ஆசியக் களத்தில் இந்தியக் கால்பந்து – 6: ரஹீம் இல்லாத அணி

1963 ஜூன் 11. இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் மறைந்தார். புற்றுநோய். ஜகார்த்தாவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தத் தங்கத்தின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் 1962 ஆசிய விளையாட்டில் இடம் மறுக்கப்பட்டதை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்தார். அந்தக் கோபத்தை ஜகார்த்தா ரசிகர்கள் நம் வீரர்கள்மீது காட்டினார்கள். இறுதி ஆட்டத்தில் அரங்கமே எதிராகக் கூச்சலிட, பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். தலையில் தையலோடு முன்வரிசைக்குப் போன தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங் இன்னொரு கோல் போட்டார். தென் கொரியா 2-1 என்று தோற்றது.

அந்த அணியைச் செதுக்கிய கை இப்போது இல்லை.

ஹைதராபாத் பள்ளிக்கூடம்

ரஹீம் அடிப்படையில் பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கு அவர் பயிற்சி கொடுத்த காலத்தில், 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை அந்த அணிக்கே வந்தது. அவர் வைத்த போட்டிகளைக் கேட்டால் இன்றைக்கும் வியப்பாக இருக்கும். ஒரு போட்டியில் பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டும்தான் உதைக்கலாம். வலது கால்காரன் இடது காலால் தட்டுத் தடுமாறிப் பழகுவான். இப்படிப் பழகிய பையன்களுக்கு மைதானத்தின் எந்தப் பக்கமும் அந்நியமாக இருக்கவில்லை.

1956 நவம்பர் 1-இல் ஆந்திரப் பிரதேசம் பிறந்தபோது சித்தூர், திருப்பதி, ஹைதராபாத் எல்லாம் ஒரே மாநிலமாயின. அந்த மாதமே மெல்போர்ன் ஒலிம்பிக் தொடங்கியது. ரஹீமின் அணி அங்கே நான்காவது இடம் பிடித்தது. மாநிலம் ஒன்றானதால் அவர் வளர்த்த ஹைதராபாத் பிள்ளைகள் சித்தூர்க்காரர்களுக்கும் சொந்த மாநிலத்துப் பிள்ளைகள் ஆனார்கள். தெலுங்கு மண்ணில் வாழும் தமிழர்களுக்கு இந்த உறவு இன்னும் நெருக்கமானது. முன்வரிசையின் மின்னல் துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, ஆசியாவின் தலைசிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கியவர்.

1963-இல் ரஹீம் போனார். அதே ஆண்டு நோய் காரணமாகப் பலராமும் களத்தை விட்டு விலகினார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

கதவு திறந்த விதம்

அடுத்து வந்தது ஆசியக் கோப்பை. 1956, 1960 என்று முதல் இரண்டு கோப்பைகளும் தென் கொரியாவுக்கே போயின. 1960 கோப்பைக்கான மேற்கு மண்டலத் தகுதிச்சுற்று நம் மண்ணிலேயே, 1959 டிசம்பரில் எர்ணாகுளத்தில் நடந்தது. அதில் இஸ்ரேல் முந்திக்கொண்டது. நமக்கு இடம் கிடைக்கவில்லை.

1964 போட்டியை நடத்தும் உரிமை இஸ்ரேலுக்குக் கிடைத்தது. அரபு–இஸ்ரேல் பகை முற்றியிருந்த காலம் அது. பல நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. தகுதிச்சுற்றில் இந்தியாவோடு மோத வேண்டிய அணிகளும் விலகின. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் இந்தியாவுக்கு ஆசியக் கோப்பையின் கதவு திறந்தது.

இதை வைத்து அந்த அணியைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் பிறகு வந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1964-க்குப் பின் இருபது ஆண்டு காத்திருந்துதான் 1984-இல் சிங்கப்பூர் போனோம். நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை, ஈரானோடு மட்டும் சமன். அதற்குப் பின் 27 ஆண்டு இடைவெளி. 2011-இல் கத்தாரில் மூன்று ஆட்டமும் தோல்வி. 2019-இல் தாய்லாந்தை 4-1 என்று வீழ்த்தியும் முதல் சுற்றைத் தாண்ட முடியவில்லை. 2024 ஜனவரியில் மறுபடி கத்தார். மூன்று ஆட்டம், கோல் ஒன்றுமில்லை. மொத்தமே ஐந்து முறைதான் போயிருக்கிறோம். இந்த ஐந்தில் கோப்பையின் பக்கத்தில் நின்றது ஒரே ஒரு அணிதான். அது ரஹீம் விட்டுச்சென்ற அணி. வந்து சேர்ந்த வழி எப்படியிருந்தாலும், களத்தில் எதிரே நின்றது இருமுறை சாம்பியன் தென் கொரியா.

1964 மே 27, ஹைஃபா

ரஹீமின் இடத்தில் இப்போது ஆங்கிலேயர் ஹாரி ரைட். கேப்டன், ஜகார்த்தாவில் தலைமை தாங்கிய அதே சுனி கோஸ்வாமி, வயது 26. களத்தில் நான்கே அணிகள்: இஸ்ரேல், இந்தியா, தென் கொரியா, ஹாங்காங். இறுதிப் போட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் ஆட வேண்டும். அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை. ஒரு சறுக்கல் போதும், எல்லாம் கைநழுவிவிடும்.

இந்தியாவின் முதல் ஆட்டமே கொரியாவோடு. ஜகார்த்தாவில் இழந்ததை மீட்க அவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் இரண்டாவது நிமிடத்திலேயே பந்து கொரிய வலைக்குள் கிடந்தது. அடித்தவர் அப்பலராஜு. கொரியர்கள் ஆட்டத்துக்குள் இறங்குவதற்குள் கணக்கு தொடங்கிவிட்டது. இடைவேளைக்குப் பின் 57-வது நிமிடம் பஞ்சாப் இளைஞர் இந்தர் சிங் இன்னொன்று சேர்த்தார். 2-0. நடப்புச் சாம்பியன் முதல் நாளே மண்ணைக் கவ்வியது.

அந்த வெற்றியைக் கொண்டாட இந்தியாவில் யாருக்கும் மனம் இல்லை. அதே மே 27 அன்று பிற்பகல் டெல்லியில் பிரதமர் நேரு காலமானார். விடுதலை பெற்ற நாள் முதல் நாட்டுக்கு இருந்த ஒரே பிரதமர். 28-ஆம் தேதி யமுனைக் கரையில் சிதை எரிந்தது. நாடே துக்கத்தில் மூழ்கியிருந்தது. கடல் கடந்து நின்ற நம் பதினொருவருக்கு மறுநாளே அடுத்த ஆட்டம்.

எதிரணி, போட்டியை நடத்தும் இஸ்ரேல். ஹாங்காங்கை 1-0 என்று வென்று அவர்களும் நம்மோடு சமமாக நின்றார்கள். வென்றால் கோப்பை பாதிக்கு மேல் கைக்குள். தோற்றால் பிறர் தயவை எதிர்பார்க்க வேண்டியதுதான்.

மே 29. டெல் அவிவ் சொந்த நாட்டு அணிக்காக ஆர்ப்பரிக்கிறது. முதல் பாதி. அரை மணி நேரம் ஆகப்போகிறது, இன்னும் கோல் இல்லை. அப்போது நடுவரின் விசில். இந்தியாவுக்கு எதிராகப் பெனால்டி!

பந்தருகே வந்து நிற்கிறார் மொர்தெகாய் ஸ்பீக்லர். வயது 19. ஆறு ஆண்டு கழித்து உலகக் கோப்பையில் இஸ்ரேலின் ஒரே கோலை அடிக்கப்போகிறவர். அவருக்கும் கோப்பைக்கும் நடுவே நிற்பது இந்தியக் கோல்கீப்பர் ஒருவர் மட்டும்.

ஸ்பீக்லர் ஓடி வருகிறார்...

(அடுத்த வாரம் தொடரும்)