தோட்டத்து மக்களும் ஈறு நோயும்

மலாக்காவில் டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அதன்பின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பெருகிய தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோர், வேப்பங்குச்சியையும் அடுப்புக்கரியையும் உப்பையும் நம்பியே பல் துலக்கினர். விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டியவர் ஒரு துண்டுக் கரியை நொறுக்கி, விரலால் தேய்த்துக் கொப்பளித்துவிட்டு ஓடுவார். பல் வெளுக்கும், பல்லும் ஈறும் கூடுமிடத்து அழுக்கோ அங்கேயே தங்கிவிடும். நாற்பதில் பல் ஆடினால், "வயசாச்சு" என்றார்கள்.

பினாங்கில் 1949இல் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. அவர்கள் கவனித்தது பிள்ளைகளின் பற்களை. பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் என்றால் பல் பிடுங்குவதுதான்.

பல் விழுவது வயதின் வேலைதானா? இதற்கு விடை தந்தவர்களும் தோட்டத் தமிழர்களே. ஆனால் நம் நாட்டில் அன்று, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில். நார்வேயைச் சேர்ந்த ஹரால்டு லோ என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 1970இல் தொடங்கி 15 ஆண்டுகள், 480 தமிழ்த் தொழிலாளரின் வாயைச் சோதித்துக் குறித்து வந்தனர். முறையாகப் பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ அறியாதவர்கள் அவர்கள். சொத்தைப் பல் ஏறத்தாழ இல்லை. ஆயினும் பல் விழுந்தது. 1986இல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் பற்கள் முழுவதும் போயின. 81 பேருக்கு மெதுவாக முற்றியது. 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு நின்றது. ஒரே வேலை, ஒரே உணவு. ஆனாலும் உடல்வாகு வேறு. உலகத்துப் பல் மருத்துவ மாணவரெல்லாம் இன்றும் படிக்கும் கணக்கு இது. அந்த மக்களின் பற்கள் போனதைப் பார்த்து எழுதிய கணக்கு என்பதை எண்ணும்போது நமக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது.

இதே அறிஞர் டென்மார்க்கில் நடத்தி 1965இல் வெளியிட்ட சோதனை இன்னும் எளியது. நல்ல ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் குணமானது. ஆக, பல்லில் படியும் கிருமிப்படலமே காரணம். அதை அகற்றாவிட்டால் காரையாய் இறுகும். ஈறு பல்லைவிட்டு விலகும். வேரைத் தாங்கும் எலும்பு கரையும். பெரும்பாலும் வலி தெரியாது என்பதுதான் இந்நோயின் சூது.

துலக்கும்போது இரத்தம் கண்டால் நம்மவர் அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள். அங்கேதான் மென்மையான பிரஷால் ஈற்றோரமாய்ப் பதமாகத் துலக்க வேண்டும். புகை பிடிப்பவருக்கு நோயிருந்தும் இரத்தம் அதிகம் வராது, ஏமாறக்கூடாது. நீரிழிவு உள்ளவருக்கு நோய் விரைவாக முற்றும். இறுகிய காரை கரிக்கோ உப்புக்கோ அசையாது. பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டினால் பல் ஆடும் என்பார்கள். காரை போன இடத்தில் நாக்குக்கு இடைவெளி தட்டுப்படும். பல்லை ஆட்டிவிட்டது அதற்கு முன்பே அங்கிருந்த நோய்.